ஒரே கியர், விறைப்பான ஃபோர்க்

மலைச் சைக்கிளிலிருந்து கியர் மாற்றும் அமைப்பையும் முன்பக்க ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவதுதான் ரிஜிட் சிங்கிள்ஸ்பீடு. முன்னால் ஒரு செயின்வீல், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு செயின். முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஸ்பிரிங்கோ எண்ணெயோ காற்றோ இல்லாத வெறும் விறைப்பான ஃபோர்க். தமிழ்நாட்டில் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் அடித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தோன்றாது. அந்தச் சைக்கிளுக்கும் ஒரே கியர்தான், அதன் ஃபோர்க்கும் அசையாது. ஆனால் அது ஓடியது தெருவில். இது ஓட வேண்டியது மரவேர், பாறைப்படி, ஆற்றுமணல், ஈரக் களிமண் ஏற்றம் ஆகியவற்றின் மேல்.

மலைச் சைக்கிளே இப்படித்தான் பிறந்தது என்று சொல்ல இடமுண்டு. 1970களில் வட கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், டாமல்பையஸ் மலையைச் சுற்றிய மண்பாதைகளில், இளைஞர்கள் சிலர் பழைய ஷ்வின் சைக்கிள்களில் பாய்ந்து இறங்கினார்கள். பலவற்றில் கியர் கிடையாது. பெடலைப் பின்னால் அழுத்தினால் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக் மட்டும் உண்டு. ஒரு சரிவை இறங்கி முடிப்பதற்குள் அந்த ஹப்பின் கிரீஸ் சூட்டில் புகைந்து போகும். 1976இல் அங்கே நேரப் பந்தயம் தொடங்கியது. 1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே ஒரு ஃபிரேமைக் கட்டினார். பிறகு கியர்கள் பெருகின. 1990ஐ ஒட்டி ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர் ஃபோர்க் வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் 21, 24 கியர்கள் சாதாரணமாகிவிட்டன. அதே காலத்தில் ஒரு சிறு கூட்டம் எதிர்த்திசையில் நடந்தது. மினசோட்டா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் 1998இல் தொடங்கிய சர்லி நிறுவனம் அந்தக் கூட்டத்துக்காக எஃகு ஃபிரேம் செய்தது. முதலில் 26 அங்குலச் சக்கரத்துக்கான 1×1, பிறகு 2002இல் 29 அங்குலச் சக்கரத்துக்கான கராத்தே மங்கி.

இங்கே சொல்லப்படுவது அந்தக் கராத்தே மங்கிகளில் ஒன்றைப் பற்றி. 2000களின் நடுவில் மினியாப்பொலிஸில் வெறும் ஃபிரேமும் ஃபோர்க்குமாக வாங்கப்பட்டுப் பாகம் பாகமாகக் கோக்கப்பட்ட சைக்கிள் அது. வாங்கியவர் இன்றும் அதை ஓட்டுகிறார். ஃபிரேமைத் தவிர முதல் நாளில் இருந்தது எதுவும் இப்போது அதில் இல்லை.

ஓடிய நிலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாற்றங்கள் எல்லாம் நிலம் கேட்டவை. மினியாப்பொலிஸைச் சுற்றி மலை கிடையாது. பனிப்பாறைகள் விட்டுப்போன மண்மேடுகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும்தான். ஈகன் நகரின் லெபனான் ஹில்ஸ் பூங்காவில் ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை, இடையிடையே பாறைகள். புளூமிங்டனில் மினசோட்டா ஆற்றின் கரையோடு போகும் ரிவர் பாட்டம்ஸ் தடம் இதற்கு நேர்மாறு. தட்டையான வெள்ளச் சமவெளி, காட்டன்வுட் மரங்கள், மணல், சேறு. வசந்தத்தில் ஆறு பெருகினால் தடமே தண்ணீருக்குள் போய்விடும். வடிந்த பிறகு விழுந்த மரங்களைச் சுற்றிப் புதிய வளைவுகள் முளைத்திருக்கும். நைன் மைல் கிரீக் ஓடையைக் கடக்க அந்நாளில் பாலம் இல்லை. ஒரு சிறு மிதவையில் சைக்கிளோடு ஏறி நின்று கயிற்றை இழுத்து அக்கரை சேர வேண்டும். வேகமாக வந்தவரும் மெதுவாக வந்தவரும் அங்கே ஒன்றாகக் காத்திருந்தார்கள். தடத்தைப் பற்றிய செய்தியும் யாருடைய சைக்கிளில் என்ன புதிது என்பதும் அந்தக் காத்திருப்பில்தான் கைமாறின.

முதலில் கோத்த அமைப்பு எளிமையானது. எஃகு ஃபோர்க், கேபிளில் இயங்கும் வி-பிரேக், 600 மி.மீ. அகல ஹேண்டில்பார், நீண்ட ஸ்டெம், 2.1 அங்குல டயர், உள்ளே டியூப். 29 அங்குலத்துக்கு அன்றும் டயர் வகைகள் குறைவு. டபிள்யூடிபி நிறுவனத்தின் நானோராப்டர் 1999இல் வரும்வரை அந்த அளவில் முறையான மலைச் சைக்கிள் டயர் என்று ஒன்று இல்லை. பெரிய சக்கரம் விறைப்பான ஃபோர்க்குக்கு நல்ல துணை. ஒரே வேரின் மேல் 26 அங்குலச் சக்கரம் முட்டுகிற கோணத்தைவிட 29 அங்குலம் முட்டும் கோணம் தாழ்வு. உள்ளங்கைக்கு வரும் அடி அந்த அளவுக்குக் குறையும்.

கியர் விகிதம்தான் சிங்கிள்ஸ்பீடில் முடிவில்லாத பேச்சு. 26 அங்குலச் சக்கரத்தின் காலத்தில் 32க்கு 16, அதாவது முன்னால் 32 பல், பின்னால் 16 பல் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட தொடக்கம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்று. அதே கனத்தை 29 அங்குலத்தில் பெற 32க்கு 18. ஒரு பெடல் சுற்றுக்குச் சைக்கிள் 4 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 22 கி.மீ. சமதரையில் அதற்குமேல் போக வேண்டுமானால் கால் பறக்க வேண்டும். பறந்தும் பயனில்லை, சாலைச் சைக்கிள்காரர் பேசிக்கொண்டே தாண்டிப் போவார். மறுகோடியில், மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறும் ஏற்றத்தில் அதே கியர் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் தரும். அது மிதிப்பது அல்ல, படி ஏறுவது. சீட்டில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. எழுந்து நின்று, உடம்பின் எடையை ஒவ்வொரு பெடலாக மாற்றி இறக்கி, அதே நேரத்தில் ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நின்றால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து வழுக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் பிடிக்கும்.

இளமையில் 18 பல்லோடு லெபனான் ஹில்ஸில் ஏறிய அந்த உரிமையாளர் பிறகு 19க்கும், நாற்பதைத் தாண்டியதும் 20க்கும் வந்தார். ஒரு பல் கூடினால் மிதிகனம் சுமார் ஐந்து சதவீதம் குறையும். காகிதத்தில் சின்ன எண். மழை பெய்து காய்ந்த மூன்றாம் நாள் களிமண் ஏற்றத்தில், இறங்கித் தள்ளுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற எண். கனமான கியரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சிங்கிள்ஸ்பீடு கூட்டத்தில் உண்டு. முழங்காலுக்கு அந்தப் பெருமை தெரியாது.

சிறிது காலம் வேறொரு ஏற்பாடும் இருந்தது. முன்னால் 36, 32 என்று இரண்டு செயின்வீல். பின்னால் 17, 21 என்று இரண்டு பல்சக்கரம். 36ம் 17ம் சேர்ந்தால் 53, 32ம் 21ம் சேர்ந்தாலும் 53. கூட்டுத்தொகை மாறாததால் செயினின் நீளம் ஏறக்குறைய அப்படியே போதும். வீட்டிலிருந்து தார்ச்சாலையில் 36க்கு 17, தடத்தின் வாசலில் சக்கரத்தைத் தளர்த்திச் செயினைக் கையால் எடுத்து 32க்கு 21. கைமுழுக்க மசி. இதை நெடுநாள் செய்கிறவர்கள் குறைவு, இவரும் விட்டுவிட்டார்.

பின் பல்சக்கரம் கவனிக்கப்படாத பாகம். கியர் சைக்கிளுக்கான ஹப்பில் ஒரே பல்சக்கரத்தை மாட்டி, இரு பக்கமும் வளையங்கள் வைத்து இறுக்குவது மலிவான வழி. ஆனால் தகட்டிலிருந்து வெட்டிய மெல்லிய பல்சக்கரம், நின்று மிதிக்கும் விசையில் ஹப்பின் அலுமினிய உடலைக் கடித்துப் பள்ளம் போட்டுவிடும். பிறகு கழற்றச் சுத்தியல் வேண்டும். அடிப்பாகம் அகலமான பல்சக்கரம் அதே விசையைப் பரப்பித் தாங்குகிறது. விலை சில மடங்கு, ஆனால் ஹப்பைக் காப்பாற்றும்.

ஹப்பின் பிடிமானம் அடுத்தது. பெடலை அழுத்தியதும் உள்ளே இருக்கும் சிறு கொக்கிகளோ பல்வளையமோ ராட்செட் பற்களில் மாட்டினால்தான் சக்கரம் சுழலும். 18 இடங்களில் மாட்டும் ஹப்பில் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே 20 டிகிரி வரை வெற்றிடம் இருக்கலாம். கிறிஸ் கிங் ஹப் போல 72 இடங்களில் மாட்டினால் அது 5 டிகிரி. கியர் உள்ளவருக்கு இது ஆடம்பரம். சிங்கிள்ஸ்பீடில், பாறைக்கு நடுவே பெடலை முழுச் சுற்று சுற்ற இடமில்லாமல் முன்னும் பின்னும் கால்பங்கு அசைத்து ஏறும்போது, அந்த 15 டிகிரி கைகொடுக்கும். இந்தச் சைக்கிளுக்குச் செய்த பெரிய செலவுகளில் முழுமையாகத் திருப்தி தந்தது இந்த ஹப்தான்.

செயினை இழுத்துப் பிடிக்கக் கியர் மாற்றும் டெரயிலர் இல்லை என்பதால் பின்சக்கரத்தையே பின்னால் நகர்த்தி இறுக்க வேண்டும். கராத்தே மங்கியில் பின் அச்சைப் பிடிக்கும் கவ்வி பின்பக்கம் திறந்த நீள வெட்டு. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வலுவாக மிதிக்கும்போது வலப்பக்க அச்சு முன்னால் நழுவக்கூடும். சக்கரம் கோணிக்கொண்டு டயர் ஃபிரேமில் உரசும். அச்சில் மாட்டி ஃபிரேமின் முனையில் ஊன்றி இழுக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு இதற்குத் தீர்வு. சர்லி செய்யும் அந்தத் துண்டில் பாட்டில் மூடி திறக்கும் வசதியும் உண்டு, இது அந்தக் கூட்டத்தின் குணத்தைச் சொல்லும். செயின் தேய்வதை அளப்பது எளிது. 24 கண்ணிகளின் நீளம் புதிதில் 304.8 மி.மீ.; 306.4 மி.மீ. தொட்டால் மாற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் பல்லையும் சேர்த்துத் தின்னும். நேர்க்கோட்டில் ஓடுவதால் இந்தச் செயினின் ஆயுள் கூடுதல். கடையில் கிடைப்பதிலேயே மலிவான எட்டு கியர் செயின் போதும்.

இத்தனை உலோகத்துக்குப் பிறகு சொல்ல வேண்டியது, சைக்கிளை உண்மையில் மாற்றியது டயர்தான். ஷாக் அப்சார்பர் இல்லாத சைக்கிளில் இருக்கிற ஒரே ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்று. 2.1 அங்குல டயரில் டியூபோடு 35 பி.எஸ்.ஐ. அடித்தால் வேர் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் பதிவாகும். குறைத்து அடித்தால் டயர் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டை ஓட்டை விழும். ரிவர் பாட்டம்ஸில் கொசுக்கடிக்கு நடுவே பஞ்சர் ஒட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000களின் பிற்பகுதியில் முன்சக்கரத்துக்கு 2.55 அங்குல டபிள்யூடிபி வியர்வுல்ஃப் வந்தபோது, விறைப்பான ஃபோர்க் வைத்திருந்தவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதற்குப் பிறகு டியூப்லெஸ். ரிம்மின் கம்பி ஓட்டைகளை நாடாவால் மூடி, உள்ளே ரப்பர் பால் போன்ற திரவத்தை ஊற்றி, டயரை விளிம்பில் உட்கார வைப்பது. சிறு ஓட்டைகளைத் திரவம் தானே அடைத்துக்கொள்ளும். நசுங்க டியூப் இல்லாததால் காற்றை 20 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கலாம். ரிம்மின் உள்ளகலம் 19 மி.மீ.லிருந்து 30 மி.மீ. ஆனபோது அகன்ற டயர் வளைவில் மடங்காமலும் நின்றது. முன்னால் 2.4, பின்னால் 2.25, அகல ரிம், டியூப்லெஸ் என்று மாறிய அன்று அதே தடம் வேறு தடமாக இருந்தது. ஈர வேரில் பிடித்தது, மணலில் புதையவில்லை, இறக்கத்தின் முடிவில் விரல்கள் மரத்துப் போகவில்லை. திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும், அப்போதைக்கப்போது ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் தொல்லை.

பிரேக்கை மாற்ற வைத்தது ஆற்றுமணல். ஈரமணல் ஒட்டிய ரப்பர் கட்டை ரிம்மை உப்புத்தாள்போல் தேய்த்தது. ஒருநாள் ரிம்மின் பக்கவாட்டுச் சுவர் மெலிந்து குழிந்திருப்பது விரலுக்கே தெரிந்தது. கராத்தே மங்கியில் ரிம் பிரேக்குக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் இடம் இருந்ததால் ஏவிட் நிறுவனத்தின் கேபிள் டிஸ்க் ஏறியது. வி-பிரேக்கின் பழைய லீவர்களே அதற்கும் பொருந்தின. ஒரு குறை உண்டு: செயினை இறுக்கச் சக்கரத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பின் காலிப்பரையும் சரிபார்க்க வேண்டும். எண்ணெய் டிஸ்க் இன்னும் மென்மையாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இது குளிர்காலத்திலும் ஓடும் சைக்கிள், வழியில் கெட்டால் ஒரு அல்லன் சாவியால் தீர்வது கேபிள்.

ஹேண்டில்பார் 600 மி.மீ.லிருந்து 685க்கும் அங்கிருந்து 760க்கும் அகன்றது. ஸ்டெம் 110லிருந்து 70க்குக் குறுகியது. ஊர் முழுக்க அப்படித்தான் மாறியது. கியர் உள்ளவருக்கு அகலம் தருவது திருப்பும் கட்டுப்பாடு. சிங்கிள்ஸ்பீடில் அதோடு நெம்புகோலும் கிடைக்கிறது. நின்று ஏறும்போது காலுக்கு எதிராக இழுக்கக் கைக்கு நீளம் வேண்டும். ஒரேகானின் ஜெஃப் ஜோன்ஸ் வடிவமைத்த 45 டிகிரி பின்வளைந்த பார் விறைப்பான ஃபோர்க் வைத்திருப்பவர்களிடையே புகழ்பெற்றது. மணிக்கட்டு இயல்பான கோணத்தில் நிற்கும். இந்தச் சைக்கிளில் அது சில காலம் இருந்தது. நீண்ட பயணத்துக்கு மிக நன்று. மரங்கள் நெருங்கிய தடத்தில் நேரான பாரே மேல் என்று பட்டதால் திரும்ப மாறியது. சீட், பெடல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவை அவரவர் உடம்பைப் பொறுத்தவை.

ஃபோர்க்கில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. எஃகு ஃபோர்க்கின் நீளம் அச்சிலிருந்து தலைப்பகுதிவரை 468 மி.மீ. 80 மி.மீ. அமுங்கும் ஷாக் அப்சார்பர் ஃபோர்க்கைப் பின்னாளில் மாட்டினாலும் ஃபிரேமின் கோணம் கெடாதிருக்கவே அந்த நீளம். அப்படி ஒன்று மாட்டப்பட்டது. இறக்கத்தில் வேகம் கூடியது. ஏறும்போது, நின்று மிதிக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முன்பக்கம் தலையாட்டியது. பூட்டி வைத்துவிட்டு ஏறினால் உச்சியில் திறக்க மறந்தது. இரண்டு கோடைக்குப் பிறகு விறைப்பான ஃபோர்க் திரும்பியது, இம்முறை கார்பனில். எடை ஏறக்குறைய பாதி. சிறு அதிர்வுகளைக் கார்பன் குடிக்கும் என்று விளம்பரம் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் டயரில் இரண்டு பி.எஸ்.ஐ. குறைப்பது அதைவிடப் பெரிய வேறுபாடு தரும், செலவும் இல்லை.

மினசோட்டாவின் குளிர்காலத்தில்தான் இந்தச் சைக்கிளின் நியாயம் தெளிவாகத் தெரியும். சாலையில் தூவும் உப்பும் உருகிய பனிச்சேறும் சேர்ந்து கியர் மாற்றும் உறுப்புகளில் உறைந்து கட்டியாகும். இங்கே உறைவதற்கு உறுப்பே இல்லை. ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஹப்பின் கிரீஸ் கெட்டியாகி, உள்ளே பிடிமானம் மாட்டாமல் போய்விடலாம். பெடல் சுற்றும், சைக்கிள் நகராது. குளிர் தொடங்குமுன் கிரீஸைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டால் இது வராது. எஃகுக் குழாய்களின் உட்புறத்துக்கும் எண்ணெய்ப் பூச்சு அவசியம். துரு வெளியே தெரியும்போது உள்ளே நெடுநாள் ஆகியிருக்கும். 2005இல் சர்லியே பக்ஸ்லி என்ற தடித்த டயர் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு ஆழமான பனியில் கராத்தே மங்கிக்கு வேலை இல்லாமல் போனது. மிதித்து இறுகிய பனியில் அது இன்றும் போதும்.

கூட்டமாக ஓட்டும்போது சிங்கிள்ஸ்பீடுக்குத் தனி ஒழுங்கு உண்டு. ஏற்றத்தில் அதை மெதுவாக ஓட்ட முடியாது. வேகம் விழுந்தால் கால் நின்றுவிடும். அதனால் ஏற்றத்தின் அடியில் கியர்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். தட்டையான இடத்தில் எல்லோரும் தாண்டிப் போவார்கள், அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் சந்திப்பு. ஓட்டுபவரின் கண்ணும் மாறிவிடுகிறது. பிரேக் பிடித்தால் இழப்பது வேகம், அதைத் திரும்பப் பெறத் தர வேண்டியது மூச்சு. ஆகவே வளைவுக்குமுன் பிடிக்காமல் சாய்ந்து திருப்பவும், இறக்கத்தின் வேகத்தை அடுத்த மேட்டுக்குச் சேமிக்கவும், பாறையின் சமமான பக்கத்தைத் தேடவும் உடம்பு தானே கற்கிறது. 2011இல் திறந்த கயூனா தடங்களில் இந்தப் பழக்கம் முழுப் பலன் தந்தது. மினியாப்பொலிஸுக்கு வடக்கே, பழைய இரும்புச் சுரங்கங்களின் குவியல்கள்மேல் போடப்பட்ட சிவப்பு மண் தடங்கள் அவை. ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் மாறிவருவதால் வேகத்தைக் காப்பாற்றுகிறவருக்குக் கியர் இல்லாதது உறைக்காது. அந்தச் செம்மண் சாக்ஸிலிருந்து போகாது.

இதற்கிடையே கியர் உலகம் பாதி வழி திரும்பி வந்துவிட்டது. 2012இல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே செயின்வீலும் பின்னால் 11 பல்சக்கரங்களும் கொண்ட தொகுதியைக் கொண்டுவந்தது. 2016இல் அது 12 ஆனது. முன்பக்க டெரயிலர் மலைச் சைக்கிளிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தது. கராத்தே மங்கியும் 2017இல் புதிய வடிவம் பெற்றது. பின் ஹப்பின் அகலம் மாறியது, அகன்ற டயருக்கு இடம் வந்தது. பழைய ஃபிரேமின் 135 மி.மீ. ஹப் அகலத்துக்கு உயர்ரகப் பாகங்கள் இப்போது குறைவு, சாதாரணப் பாகங்கள் தாராளம்.

பழைய எஃகு ஃபிரேம் ஒன்றை வாங்கி இப்படி ஓட்ட நினைப்பவர், அதன் பின் கவ்வியில் டெரயிலர் மாட்டும் கொக்கியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். கராத்தே மங்கியில் அது இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல அகன்ற டயர் இரண்டு வாங்குங்கள், ஹப்பும் பிரேக்கும் பிறகு வரட்டும். முழங்கால் ஒருநாள் மறுத்தால் கியர் போட்டுக்கொள்ளலாம், ஃபிரேமை மாற்ற வேண்டியதில்லை.